ஜன்னலுக்கு எதிரே மாட்டிய ஊதாத் துண்டு

ஞாயிற்றுக்கிழமை, காலை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒருவேளை காய்ச்சல், தலைவலி என்று படுத்திருந்தால் இதை மேலே படிக்காமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடு, எழுந்து உட்கார்ந்த பிறகு படிக்கலாம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், ஹாலில் மாட்டியிருக்கும் உன் சட்டத்தைக் கழற்றினேன். அப்பாவின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பக்கத்து நான்கு திருகாணிகளையும் கழற்றி, உள்ளே இருந்த ஊதாத் துண்டை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் வேறொரு துண்டை வைத்து மூடித் திரும்பவும் அதே ஆணியில் மாட்டினேன். ஏன் மாற்றினேன் என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுவேன். வழக்கம்போல ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டு முக்கியமானதை விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில்தான் முதல் பத்தியிலேயே எழுதி வைக்கிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்பது உனக்கே தெரியும். நீ ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவர் நான்கு கேட்கிறார். அதுமட்டுமில்லை, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியவில்லை, போன ஞாயிறு முயன்று பார்த்தேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. கடைக்கு ரிப்பேருக்கு வருகிற ஃபிரிட்ஜ்களின் உதிரிச் சாமான்கள் மெல்ல மெல்ல உன் அறைக்குள் குடியேறிவிட்டன. உன் கட்டிலில் இப்போது இரண்டு கம்ப்ரெஸர்கள் போர்வை போர்த்திப் படுத்திருக்கின்றன. கேட்டால், "அவ வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன்டி, அதுங்க என்ன வாடகைக்கா இருக்கு?" என்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு கிருமி வளர்க்கிறா" என்று, நாய் வளர்க்கிறாள் என்று சொல்வதுபோல் சொல்கிறார். போன வாரம் ஒரு அம்மா பயந்துபோய், அப்படியானால் உங்களிடம் ஃபிரிட்ஜைக் கொடுக்கலாமா என்று கேட்டாளாம். இவர் அசரவில்லை. "கிருமி இல்லாத ஃபிரிட்ஜ் எங்கம்மா இருக்கு, இருக்குற கிருமிக்கு வேலை குடுக்கத்தான் என் பொண்ணு படிக்கிறா" என்றாராம். நீயும் உன் லேப் கூட்டாளிகளுமாக ஆறு பேரும் சேர்ந்து தயாரித்த அந்தப் பன்னிரண்டு பக்கத் தாளில்கூட இதைவிடச் சுருக்கமாக எழுதவில்லை.

சரி, துண்டுக்கு வருகிறேன். அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு உறை, அதற்குள் நாலு விரல் அகலத்தில் ஒரு பருத்தித் துண்டு, கத்தரிக்காய்த் தோல் போல அடர் ஊதா. கூடவே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அம்மா, இது எந்த ட்ரம்மிலிருந்தும் வந்த சாயம் இல்ல. நாங்க ஆறு பேரும் வளர்த்த பாக்டீரியா செஞ்சது. உன் மேஜைக்கு என் பங்கு.' சாயப்பட்டறையின் லேபில் இருபத்திரண்டு வருடமாக நிறம் பார்க்கிறவள் நான். வாடிக்கையாளர் அனுப்புகிற துணியின் நிறத்தைப் பார்த்து, எந்தச் சாயம் எத்தனை துளி என்று கலந்து, சின்னத் துண்டில் போட்டுப் பார்த்து, அதே நிறம் வந்தபின் அந்தக் கலவைக் கணக்கை எழுதிய ஷேடு கார்டில் கையெழுத்துப் போட்டால்தான் கீழே பெரிய தொட்டியில் துணி இறங்கும். எத்தனையோ ஆயிரம் துண்டுகளைத் தொட்ட கைதான், ஆனாலும் இந்த ஒன்றைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவை கழுவினேன். அந்தச் சந்தோஷத்தில்தான் முதல் தப்பைச் செய்தேன். நிறத் துண்டை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது, கறுப்பு உறைக்குள்தான் வைக்க வேண்டும் என்று வேலைக்குச் சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற நான், உன் துண்டைச் சட்டம் போட்டு, காலை வெயில் நேராக விழுகிற ஹால் சுவரில் மாட்டினேன். வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்கட்டும் என்ற ஆசை. பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பி என்ன படிக்க வைக்கிறாய் என்று கேட்டவர்கள் எல்லாரும் அதன் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கட்டும் என்ற ஆசை.

அப்புறம் நீ எழுதினாய், உங்கள் ஆறு பேரில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுப் பக்கம், அவரவர் மொழியில், ஒரு கூட்டமாவது நடத்திச் செயற்கை உயிரியலைப் பற்றிப் பொதுமக்களிடம் பேச வேண்டும், உன்னால் வர முடியாததால் உனக்குப் பதில் அம்மா பேச வேண்டும் என்று. நான் உடனே சரி என்றேன். உங்கள் விதிகளும் எனக்குப் பிடித்திருந்தன: இருபது நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது, நாற்பது நிமிடம் அவர்கள் பேச வேண்டும், கேள்வியைத் திருத்தாமல் கேட்டபடியே நீ அனுப்பிய படிவத்தில் எழுத வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மக்கள் கையில் கொடுத்துப் பார்க்க வைப்பதற்காகச் சட்டத்தைத் திறந்தேன். திறந்ததும் துண்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரம் மட்டும் நீ அனுப்பியபோது இருந்த அதே ஊதா. நடுவில் முழுவதும் வெளிறி, பழைய காயத்தின் தழும்பு போல, சாம்பலும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் ஒரு நிறம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்கே!

அடுத்து நான் செய்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் லேபுக்குப் போனேன். உன் துண்டின் அந்த ஓரத்தை, நிறம் ஒப்பிடுகிற விளக்குப் பெட்டியில் வைத்து நிறம் பிடித்தேன். ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு துளி கறுப்பு, உப்பு, சோடா, ஒரு மணி நேரம் சூடு. மூன்றாவது தடவையில் அப்படியே வந்துவிட்டது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை கண்ணு, சத்தியமாக நினைக்கவில்லை. ஒரு நிறம் கெட்டுப்போனால் அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை, கை அதைச் செய்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தது கை இல்லை, நான். அதற்கு மறுநாள் வியாழக்கிழமை கேன்டீனில் முப்பத்தேழு பேருக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, "இது பாக்டீரியா செஞ்ச சாயம், என் பொண்ணு அனுப்பினது" என்று சொன்னதும் நான்தான்.

கூட்டம் எப்படி நடந்தது என்று உனக்கு ஏற்கனவே எழுதியிருக்கிறேன், ஆனால் எழுதாமல் விட்டதும் இருக்கிறது. பலகையில் 'செயற்கை உயிரியல்' என்று நான் எழுதி முடிப்பதற்குள் தொட்டி மேஸ்திரி கையைத் தூக்கி, "செயற்கைன்னா டூப்ளிகேட்டா லேபம்மா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் பைக்குள் மடித்து வைத்த துண்டு இருந்தது, நானும் சிரித்தேன். உன் தாளில் இருந்த கம்ப்யூட்டர் உதாரணத்தை அடித்துவிட்டு, நம் தொழில் வழியாகவே சொன்னேன்: ஒவ்வொரு உயிருக்குள்ளும் அது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஷேடு கார்டு கட்டு இருக்கிறது, மண்ணில் வாழும் ஏதோ ஒரு பாக்டீரியாவிடம் ஊதா செய்கிற கார்டு இருக்கிறது, ஆனால் அதை வளர்ப்பது கஷ்டம், அதனால் அந்தக் கார்டைப் படி எடுத்து, வளர்க்கச் சுலபமான இன்னொரு பாக்டீரியாவிடம் கொடுத்தால் அது படித்துவிட்டு ஊதா செய்கிறது, பிறகு பாக்டீரியாவைக் கொன்று சாயத்தை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள் என்று. பாய்லர்க்காரர், "அது தப்பிச்சு வெளிய ஓடிருச்சுன்னா என்னம்மா பண்றது? எங்க வீட்டுப் பூனையவே எங்களால பிடிக்க முடியல" என்றார். லேபை விட்டு வெளியே விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, எப்படிப் பூட்டி வளர்க்கிறார்கள் என்றெல்லாம் நீ எழுதியிருந்தபடி சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். மேஸ்திரியிடம், நீங்கள் தினமும் வயிற்றில் குத்திக்கொள்கிற இன்சுலினும் இதே வழியில்தான் செய்கிறார்கள் என்றதும் அவர் குனிந்து தன் வயிற்றையே ஒரு நிமிடம் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா இதுங்க தயவுலதான் நான் எல்லாரையும் திட்டிட்டு இருக்கேனா?" என்றார். பேக்கிங் பிரிவில் இருந்து ஒரு பெண், "சாயத்த அதுவே செஞ்சுக்கும்னா நாங்க எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு உங்கள் விதிப்படி நான் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

துண்டு கை மாறிக்கொண்டே போனது. மேஸ்திரி டீ கிளாஸில் இருந்த தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்து, அதன் மேல் நூறு தடவை தேய்த்திருப்பார். தேய்த்துவிட்டு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்து, "ஒட்டல. சாயம்னா இதுதான் சாயம்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வரியைத்தான் உன் படிவத்தில் எழுதி அனுப்பினேன். அதற்கப்புறம் துண்டைத் திரும்ப என் கையில் கொடுக்கும்போது மெதுவாக, "என்ன லேபம்மா, இந்த ஷேடுல உன் கை தெரியுதே" என்றார், அதை எழுதவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கை எப்போதும் ஒரு இழை சிவப்பைக் கூடப் போடும், அது அவருக்குத் தெரியும். என் பொண்ணு செய்ததில் என் கை தெரியாமல் இருக்குமா என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். கடைசிப் பெஞ்சில் சந்தேகக்கா உட்கார்ந்திருந்தார். உனக்கு நினைவிருக்கும், பஸ்ஸில் ஏறிய பிறகும் கண்டக்டரிடம் இரண்டு தடவை இது போகுமா என்று கேட்பாரே, டீயைக் குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பாரே, அவர்தான். ஈரப் பிரிவில் பதினைந்து வருடமாகத் தொட்டியில் இருந்து துணியைப் பிரித்தெடுக்கிறார். கையெல்லாம் தோல் உரிந்து, விரல் மடிப்புகளில் வெடித்து ரத்தம் கசிகிறது. ஈரப் பிரிவை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மடிப்புப் பிரிவில் ஒரு இடம் காலியாகிறது, மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அவர்தான் இழுத்துக்கொண்டே இருந்தார், ஈரப் பிரிவில் இருக்கிற தன் கூட்டாளிகளை விட்டு அந்த அமைதியான அறையில் தனியாக உட்கார அவருக்கு மனசில்லை. அன்றைக்கு எழுந்து நின்று, "ஏம்மா, இந்தச் சாயம் கையில பட்டா எரியுமா?" என்று கேட்டார். உன் தாளில் அதற்குப் பதில் இல்லை. தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நானோ அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "எரியாதுன்னு நினைக்கிறேன்க்கா" என்றேன். நினைக்கிறேன் என்பதை எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் தெரியுமா, எனக்கே கேட்கவில்லை.

போன ஞாயிறு நீ கூப்பிட்டாய். என்னைப் பேசவே விடாமல், கேமராவைச் சட்டத்தின் பக்கம் திருப்பச் சொன்னாய். கூட்டத்துக்கு அப்புறம் அப்பா கேட்கக் கூடாதே என்று நான் சாயம் போட்ட துண்டையே சட்டத்துக்குள் வைத்திருந்தேன், உன்னுடையதைக் கறுப்பு உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். நீ பார்த்துவிட்டுக் கத்தினாயே, "அம்மா! அப்படியே இருக்கு! எங்க துண்டெல்லாம் ரெண்டு மூணு வாரத்துல வெளிறிப் போச்சும்மா, உன்னோடது மட்டும் எப்படிம்மா நிக்குது?" என்று. எந்தத் தண்ணீரில் அலசினாய், சோப்புப் போட்டாயா, நம்ம ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று நீ வரிசையாகக் கேட்கக் கேட்க, அப்பா வேறு உள்ளே புகுந்து, எல்லாம் உன் அம்மா கை ராசி என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, மேஸ்திரியின் வரியைப் பெரிய எழுத்தில் பலகையில் போடப்போகிறோம், மூன்று வாரத்தில் நடக்கிற மாணவர்கள் கூடுகையில் நான்தான் பேசப்போகிறேன், நம்ம துண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றாய். வாயை மூடிக்கொண்டேன். உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது. ஆறு பேரும் தூங்காமல் எதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அது அங்கே கிடைக்காது என்றும் தெரியும். அந்தக் காரணம் இங்கே ஹால் சுவரில், சட்டத்துக்குள் இருந்தது.

அப்படியும் நான் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. முந்தாநாள் சந்தேகக்கா லேபுக்கே வந்தார். கதவைத் தள்ளாமல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "உள்ள வரலாமா, இல்ல உள்ள அந்தப் பூச்சிங்க இருக்கா?" என்றார். உட்கார வைத்தேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "யோசிச்சேம்மா, மடிப்புக்கு வேற யாரையாவது பாத்துக்கங்கன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இன்னும் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல உன் பொண்ணு சாயம் வந்துடும்ல? அதுவரைக்கும் களிம்பு போட்டுத் தள்ளிடுறேன்" என்றார். அந்தக் கையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எதையும் நம்பாத மனுஷி, டீயை நம்பாத மனுஷி, என் துண்டை நம்பியிருக்கிறார். "அவசரப்படாதீங்கக்கா, திங்கக்கிழமை பேசலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் ஹாலில் பல்பைப் போட்டதும் சுவரில் இருந்த என் துண்டு கொஞ்சம் சிவப்பாக அடித்தது. விளக்குப் பெட்டியின் பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன, வீட்டு மஞ்சள் வெளிச்சத்தில் மட்டும் என்னுடையது காட்டிக்கொடுக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது, உனக்குக் கேமராவில் தெரியாது. பத்து நாளாக விளக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

அதனால் சொல்லிவிடுகிறேன். உன் துண்டு நிற்கவில்லை கண்ணு. எங்கள் தண்ணீருக்கும் சோப்புக்கும் ஒரு சிறப்பும் இல்லை, தேடுவதை இன்றோடு நிறுத்திவிட்டு எல்லாரும் தூங்குங்கள். இன்று காலை சட்டத்துக்குள் நான் வைத்தது உன்னுடைய உண்மையான துண்டு, வெளிறியது. அதை எடுத்து வைக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். எங்கள் லேபில் ஒரு சாயம் வெயிலைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்றால், துண்டின் ஒரு பகுதியை அட்டையால் மறைத்து வெயிலில் வைப்போம், பிறகு மறைத்ததையும் மறைக்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உன் துண்டுக்கு அதே சோதனையைச் சட்டத்தின் விளிம்பு செய்து வைத்திருக்கிறது. கிழக்கு ஜன்னல், தினமும் காலையில் மூன்று மணி நேர வெயில், ஐந்து வாரம், அதற்கப்புறம் கறுப்பு உறை. இந்த வேலைக்கு இது உருப்படியான சான்று, நான் போட்ட அழகான துண்டு ஒன்றுக்கும் ஆகாத துணி. வருகிற வியாழக்கிழமைக்கு அப்புறம் உனக்கு அனுப்பிவைக்கிறேன், இந்தத் தடவை கறுப்பு உறையில். மேஸ்திரியின் வரியைப் பலகையில் போடாதே, அவர் தேய்த்தது உன் சாயத்தை இல்லை. மேடையில் என்ன பேசுவது என்பது உன் முடிவு, நான் சொல்லித்தர மாட்டேன். இதைச் சொல்வதாக இருந்தால் மட்டும், யாரோ ஒரு தன்னார்வலர் தவறு செய்தார் என்று என்னை மறைக்காதே, அம்மா செய்தாள் என்றே சொல். என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு நாள் கூப்பிடாமல் இருந்தாலும் எனக்குப் புரியும், மூன்றாவது நாள் கூப்பிட்டுவிடு.

நான் இதில் யோசித்தது இன்னும் ஒன்று. நீங்கள் பொதுமக்களிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தது, அவர்களைப் பிரமிக்க வைப்பதற்காக இல்லை, அவர்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக. அதை உன் தாளில் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். நான்தான் என் பெண்ணைப் பார்த்து எல்லாரும் பிரமிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். வெளிறிய துண்டையே எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? மேஸ்திரி உதட்டைப் பிதுக்கியிருப்பார். பாய்லர்க்காரர் இன்னும் ஒரு பூனை ஜோக் சொல்லியிருப்பார். ஆனால் முப்பத்தேழு சாயக்காரர்கள் ஒரு வெளிறிய சாயத்தைச் சுற்றி உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார்கள். ஏன் வெளிறுகிறது, எதைச் சேர்த்தால் நிற்கும், கம்பளியில் போட்டுப் பார்த்தாயா என்று உன் படிவத்தில் இடம் போதாத அளவுக்குப் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சை உன்னிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எழுந்து வந்து, சட்டத்துக்குக் கீழேயே உட்கார்ந்து ஒரு முழு கிளாஸ் காபியைக் குடித்து முடித்தார். பேப்பரை மடித்துவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தார். "என்னடி இது, உன் பொண்ணு துணிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கிட்டே போய்க் கண்ணாடியைத் தன் பனியனாலேயே துடைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கையில் எடுத்ததெல்லாம் உனக்குக் கூடி வர வேண்டும், கூடி வராதபோது அதை உள்ளபடி சொல்கிற தைரியமும் உனக்கு வர வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் வருகிறது, உனக்கு இருபத்தொன்றிலேயே வரட்டும். ராத்திரி பதினோரு மணிக்குள் படுத்துவிடு. லேபில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே, அவசரத்தில்கூடத் தொடாதே, இதைச் சந்தேகக்காவின் கையைப் பார்த்தவளாகச் சொல்கிறேன். நீ கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லி மூன்று மாதமாகிறது. கூட்டாளிகள் ஐந்து பேரையும் நான் கேட்டதாகச் சொல், அவர்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டதாகச் சொல்.

கடைசியாக ஒன்று, அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. எங்கள் லேபில் தப்பு நோட்டு என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். கெட்டுப்போன துண்டை யாரும் தூக்கிப் போடக் கூடாது, நோட்டில் ஒட்டி, என்ன தப்பு, யார் கை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் வாசலிலேயே சந்தேகக்காவைப் பிடித்து, துண்டு என்னுடையது, எரியுமா எரியாதா என்று யாருக்கும் தெரியாது, மடிப்புக்குப் பெயர் கொடுங்கள் என்று சொல்லப்போகிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கப்போவதில்லை, அதுவரை மாதக் கடைசி காத்திருக்காது. வருகிற வியாழக்கிழமை டீ நேரத்தில் அதே கேன்டீனில், அதே முப்பத்தேழு பேருக்கு முன்னால், உன் சட்டத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தப்பு நோட்டின் ஒரு பக்கத்தை வாசிக்கப்போகிறேன். இன்று காலை சட்டத்திலிருந்து எடுத்த என் துண்டை, நேற்றே வீட்டுக்கு எடுத்துவந்த அந்த நோட்டில் ஒட்டியாகிவிட்டது, பசைகூடக் காய்ந்துவிட்டது. கீழே எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஷேடு சரி. சொன்னது பொய். கை என்னுடையது.

உன்,
அம்மா